மலைப்பாதையும் கியர்ப் பெட்டியும்

கண்டி இராச்சியம் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்நியருக்கு அடிபணியாது நின்றதற்கு அதன் படைவலிமை ஒரு காரணம். பாதையின்மை மற்றொரு காரணம். 1594ஆம் ஆண்டில் தந்துறையிலும், 1638ஆம் ஆண்டில் கன்னொறுவையிலும் போர்த்துக்கேயப் படைகள் அழிந்தன. 1803ஆம் ஆண்டில் ஆங்கிலேயரின் படையும் அதே கதியை அடைந்தது. ஒற்றையடித் தடமும், செங்குத்தான சரிவும், அடர்ந்த காடும் மன்னரின் கோட்டை மதில்களாக விளங்கின. 1815ஆம் ஆண்டு பெப்ரவரியில் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் தலைநகரை விட்டு நீங்கி, கிழக்கே உள்ள மெதமகாநுவரைப் பகுதியில் மறைந்திருந்தபோது சிறைப்பட்டான். பின்னர் வேலூருக்கு அனுப்பப்பட்டு, 1832ஆம் ஆண்டில் அங்கேயே உயிர் நீத்தான். அம்மன்னன் ஒளிந்திருந்த அந்த மலைநாட்டுக்குத்தான் இன்று கண்டியிலிருந்து தென்னகும்புர, குண்டசாலை, திகன, தெல்தெனிய என்னும் ஊர்களைக் கடந்து பஸ் வண்டிகள் ஓடுகின்றன. மன்னனை மறைத்த மலையில் மக்களை ஏற்றிச் செல்லும் வண்டி ஏறியது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை தேடுவோர், பாதையின் வரலாற்றோடு, வண்டியின் அடியில் எவர் கண்ணுக்கும் படாமல் இருக்கும் ஓர் இரும்புப் பெட்டியின் வரலாற்றையும் அறிதல் வேண்டும். அதுவே கியர்ப் பெட்டி.

முதலிற் பாதையைப் பார்ப்போம். தேசாதிபதி எட்வேட் பான்ஸ் என்பவர், கண்டியை அடக்கி ஆளப் படைகளைவிடப் பாதைகளே தேவை என்று கருதியவர். அவர் காலத்தில், 1820களில், கொழும்பிலிருந்து கண்டிக்குப் பெரும்பாதை அமைக்கப்பட்டது. கடுகண்ணாவைக் கணவாயில் அப்பாதையை அமைத்த கப்டன் டோசன் 1829ஆம் ஆண்டில் இறந்தார். அவர் நினைவாக எழுப்பப்பட்ட கோபுரத்தைக் கணவாயின் உச்சியில் இன்றும் காணலாம். தோமஸ் ஸ்கின்னர் என்னும் மற்றோர் அதிகாரி, இளைஞராகப் பணியிற் சேர்ந்து, தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இலங்கையின் பாதை அமைப்பிலேயே செலவிட்டார். அதிகாரிகளின் பெயர்கள் கல்லிலும் நூலிலும் நிலைத்தன. பாறை உடைத்து மண் சுமந்தவர்களோ இராசகாரிய முறைப்படி வேலைக்கு அழைக்கப்பட்ட சிங்களக் குடியானவர்களும், தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரும் ஆவர். அவர்களின் பெயர்கள் எங்கும் எழுதப்படவில்லை.

1832ஆம் ஆண்டில் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே குதிரைகள் பூட்டிய தபால் வண்டி ஓடத் தொடங்கியது. 1867ஆம் ஆண்டில் புகையிரதம் கண்டியை அடைந்தது. ஆயினும் தண்டவாளம் எட்டாத ஊர்களுக்கு மாட்டு வண்டியே துணையாயிற்று. ஏற்றம் மிகுந்த இடத்தில் மற்றொரு இணை மாட்டைப் பூட்டுவதும், இறக்கத்தில் சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பதும் வண்டிக்காரர் அறிந்த உபாயங்கள். மோட்டார் வண்டி வந்தபோது, அவ்விரண்டு உபாயங்களையும் ஒரே பெட்டிக்குள் அடக்க வேண்டியதாயிற்று.

அதன் காரணம் எளிதில் விளங்கும். மாடு நின்ற நிலையிலேயே முழுப் பலத்தோடும் இழுக்க வல்லது. பெற்றோல் அல்லது டீசல் என்ஜினோ வேகமாகச் சுழலும்போது மட்டுமே வலிமையோடு இருக்கும். சுழற்சி குறைந்தால் திணறி நின்றுவிடும். எனவே என்ஜின் விரைவாகச் சுழன்றுகொண்டிருக்க, சக்கரம் மெதுவாகவும் வலிமையாகவும் சுழல வேண்டும். சிறிய பற்சில்லு ஒன்று பெரிய பற்சில்லு ஒன்றைச் சுழற்றுமானால் இது கைகூடும். என்ஜின் நிமிடத்துக்கு 1500 முறை சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்துக்கு ஒன்று என்னும் விகிதமுள்ள முதலாம் கியரில், பெட்டியிலிருந்து வெளிவரும் தண்டு 300 முறையே சுழலும்; ஆனால் அதன் முறுக்குவிசை, உராய்விற் போகும் சிறு பகுதி நீங்கலாக, ஐந்து மடங்காகும். ஏற்றத்தில் இணை மாடு பூட்டுவதற்கு இது நிகராகும். பிரான்ஸ் தேசத்து எமில் லெவசோர் என்பவர் 1890களின் தொடக்கத்தில், தண்டின்மீது பற்சில்லுகளை நகர்த்தி ஒன்றோடொன்று பொருந்தச் செய்யும் முறையை மோட்டார் வண்டியிற் புகுத்தினார். கையால் மாற்றும் கியர்ப் பெட்டிகளுக்கெல்லாம் அதுவே மூதாதை எனலாம்.

அந்தப் பழைய பெட்டி முரட்டுத்தனமானது. வெவ்வேறு வேகத்திற் சுழலும் பற்கள் மோதிக்கொண்டால், கேட்போர் காது கூசும்படி ஓசை எழும், பற்களும் சிதையும். ஆகவே சாரதி கிளச்சை மிதித்து, கியரை நடுநிலைக்குக் கொணர்ந்து, கிளச்சை விட்டு, என்ஜினின் வேகத்தைச் சற்று உயர்த்தி, மீண்டும் கிளச்சை மிதித்துக் கீழ்க் கியரைப் போடுதல் வேண்டும். டபுள் கிளச் என்று சாரதிகள் கூறுவது இதனையே. வளைவும் ஏற்றமும் ஒருங்கே வரும் இடத்தில், ஓரிரு விநாடிகளுக்குள் இத்தனையும் செய்து முடிக்க வேண்டும். நல்ல சாரதி, கண்ணால் அன்று, காதால் கியர் மாற்றுவான் என்று சொல்லப்படுவது மிகையன்று.

இலங்கையின் ஆரம்பகாலப் பஸ் வண்டிகள் பல, மேனாட்டிலிருந்து வந்த லொறிச் சட்டகங்களின்மீது உள்ளூர்த் தச்சர்கள் மரத்தாற் கூடு கட்டி உருவாக்கியவை. யாழ்ப்பாணத்தில் மக்களையும் மரக்கறி மூட்டைகளையும் ஒருங்கே ஏற்றிச் சென்ற தட்டி வான்களும் அவ்வாறு பிறந்தவையே. ஆதலால், வேறு தேவைக்கென வந்த வண்டியை உள்ளூர்த் தேவைக்கு மாற்றிக்கொள்ளும் கைத்திறன் இந்நாட்டுக்குப் புதிதன்று. மோட்டார்த் தொழிலாளரை மக்கள் மரியாதையோடு பாஸ் என்று அழைத்ததும் அத்திறன் பற்றியே ஆகும்.

தனியார் கம்பனிகள் நடத்திய பஸ் சேவைகளிற் போட்டியும் ஒழுங்கீனமும் மலிந்திருந்தன. 1948ஆம் ஆண்டில் இரத்தினம் அறிக்கையும், 1954ஆம் ஆண்டில் சன்சோனி அறிக்கையும், 1956ஆம் ஆண்டில் ஜயரத்ன பெரேரா அறிக்கையும் இந்நிலையை ஆராய்ந்தன. 1957ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க மோட்டார்ப் போக்குவரத்துச் சட்டத்தின் வழியே பஸ் சேவை தேசிய மயமாக்கப்பட்டது. 1958ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி இலங்கைப் போக்குவரத்துச் சபை தன் பணியைத் தொடங்கியது. அப்போது பிரதமராக இருந்தவர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா, சபையின் முதல் தலைவர் வீர் டி மெல்.

கம்பனிகளிடமிருந்து சபை பெற்றவற்றுள் பல தேய்ந்த வண்டிகள். புதியவற்றை வேண்டிய அளவு வாங்க அந்நியச் செலாவணி போதவில்லை. இந்நிலையிலேதான், லண்டன் நகரில் ஓடிக் கழிக்கப்பட்ட இரட்டைத் தட்டு பஸ்கள் கப்பலேறி இலங்கைக்கு வந்தன. 1958ஆம் ஆண்டு முதல் பத்தாண்டுக் காலத்தில் அவ்வாறு வந்தவை ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. ஆர்.டி. என்னும் வகுப்பைச் சேர்ந்த அவ்வண்டிகள் 1939ஆம் ஆண்டுக்கும் 1954ஆம் ஆண்டுக்கும் இடையிற் கட்டப்பட்டவை. அவற்றுட் சில ஏ.இ.சி. என்ஜினும், சில லேலண்ட் என்ஜினும் உடையவை. ஐம்பத்தாறு பேர் அமர்ந்து செல்லலாம். கொழும்பு வீதிகளில் அச்சிவப்பு வண்டிகளைக் கண்டு வளர்ந்த தலைமுறையினர் இன்றும் அவற்றை மறவார்.

அவ்வண்டிகளின் கியர்ப் பெட்டி, மேலே கூறிய முரட்டுப் பெட்டியினின்றும் முற்றிலும் வேறானது. முதல் உலகப் போரின்போது டாங்கியை உருவாக்கியவர்களுள் ஒருவரான வால்டர் வில்சன் என்னும் பொறியியலாளரின் அமைப்பு அது. நடுவே ஒரு பற்சில்லு, அதனைச் சுற்றிவரும் சிறு பற்சில்லுகள், அவற்றை வளைத்து நிற்கும் பல்வளையம் என்று, சூரியனைக் கோள்கள் சுற்றுவதுபோல அவை அமைந்திருக்கும். பற்கள் எப்போதும் பொருந்தியே இருக்கும். ஒன்றை விட்டு ஒன்றுக்குத் தாவுவதில்லை. எந்த வளையத்தைப் பட்டியால் இறுக்கிப் பிடிக்கிறோமோ, அதற்கேற்ப விகிதம் மாறும். சாரதி அடுத்து வேண்டிய கியரைச் சிறு பிடியால் முன்கூட்டியே குறித்து வைக்கிறான், தேவைப்படும் கணத்தில் மிதியை அழுத்துகிறான், அமுக்கிய காற்றின் விசையால் பட்டி இறுகுகிறது, கியர் மாறிவிடுகிறது. கிளச்சுக்குப் பதிலாக எண்ணெய் நிறைந்த சுழற்சில்லு ஒன்று என்ஜினின் ஆற்றலைக் கடத்தும். ஜெர்மானியரான ஹேர்மன் ஃபொட்டிங்கர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கண்ட தத்துவம் அது. 1930ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் டெய்ம்லர் கம்பனி அவ்விரண்டையும் இணைத்து மோட்டார் வண்டியிற் பயன்படுத்தியது.

நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான தடவை நின்று புறப்படும் லண்டன் வீதிக்கு அது மிகப் பொருத்தமான பெட்டி. சாரதியின் காலுக்கும் கைக்கும் ஓய்வு கிடைத்தது; பயணிகளுக்கும் குலுக்கல் இல்லை. ஆனால் அது பராமரிப்பை மிகுதியாக வேண்டுவது. பட்டி தேய்ந்தால் கியர் வழுக்கும். காற்றழுத்தம் குறைந்தால் கியரே விழாது. எண்ணெய் கசிந்தால் ஆற்றல் வீணாகும். மின்கலம் இறங்கிய வண்டியைப் பயணிகள் இறங்கித் தள்ளி இயக்குவது நம் நாட்டில் நாள்தோறும் காணும் காட்சி. எண்ணெய்ச் சுழற்சில்லு உடைய வண்டியை அவ்வாறு தள்ளி எளிதில் இயக்க முடியாது. பழுது பார்க்கும் கருவிகளும் மாற்று உறுப்புகளும் நிறைந்த பணிமனை அருகில் இருக்கும்வரை அப்பெட்டி அரசன். அவை இல்லாத இடத்தில் அது பெரும் பாரம்.

கொழும்பை அடுத்த வெரஹெரவில் சபை நடத்திய மத்திய பணிமனை அத்தகைய வேலைகளுக்குப் பெயர் பெற்றது. எனினும் ஆண்டுகள் செல்லச் செல்ல, ஆர்.டி. வண்டிகளின் உற்பத்தி லண்டனிலேயே நின்றுவிட்டமையால், புதிய உறுப்புகள் கிடைப்பது அரிதாயிற்று. 1979ஆம் ஆண்டு ஏப்ரலில் லண்டன் நகரமும் அவற்றைச் சேவையிலிருந்து நீக்கியது. அதே ஆண்டில் இலங்கையில் தனியார் பஸ்கள் மீண்டும் அனுமதிக்கப்பட்டன. சென்னையிற் பிறந்த அசோக் லேலண்ட் வண்டிகளும், டாடா வண்டிகளும், ஜப்பானிய வண்டிகளும் பாதைகளை நிரப்பின. அவை கிளச்சும் கைக் கியரும் உடையவை. அவற்றின் உறுப்புகள் சிறு நகரக் கடைகளிலும் கிடைக்கும். அவற்றைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர் ஒவ்வோர் ஊரிலும் உண்டு. ஆகவே பழைய வண்டி ஒன்றைக் காக்க விரும்புவோர் முன் ஒரு வினா எழுகின்றது. பழுதுற்ற மூலப் பெட்டியையே செப்பனிட முயல்வதா? அல்லது அதனை அகற்றிவிட்டு, எளிதிற் கிடைக்கும் கைக் கியர்ப் பெட்டி ஒன்றைப் பொருத்துவதா?

பொருத்துவது என்று சொல்வது எளிது, செய்வது அரிது. ஆர்.டி. வண்டியில் என்ஜின் முன்னே இருக்க, கியர்ப் பெட்டி அதனின்றும் பிரிந்து சட்டகத்தின் நடுப்பகுதியிலே தொங்கும். இரண்டையும் ஒரு குறுந்தண்டு இணைக்கும். இன்று பொதுவாகக் கிடைக்கும் கைக் கியர்ப் பெட்டியோ என்ஜினின் பின்புறத்தோடு நேரே ஒட்டி நிற்பது. எனவே எண்ணெய்ச் சுழற்சில்லை நீக்கி, கிளச் தட்டைத் தாங்கும் சுழற்சில்லு ஒன்றை வைத்தல் வேண்டும். அதனை மூடும் மணி வடிவ உறையின் துளைகள் என்ஜினின் துளைகளோடு ஒத்திருத்தல் வேண்டும். உறையின் நடு அச்சும் என்ஜின் தண்டின் அச்சும் மயிரிழையும் பிசகாது ஒன்றாதல் வேண்டும். பிசகினால் தாங்கிகள் விரைவில் அழியும். பெட்டியின் முன்தண்டு எத்தனை அங்குலம் நீண்டுள்ளது, அதன் வரிப்பற்கள் எத்தனை, அவை கிளச் தட்டோடு பொருந்துமா என்பவை அனைத்தையும் பெட்டியைத் தூக்குவதற்கு முன்னரே அளந்தறிய வேண்டும்.

பெட்டி முன்னே நகர்ந்தபடியால், பின்னச்சுக்குச் செல்லும் உந்துதண்டு நீளும். மிக நீண்ட தண்டு வேகமாகச் சுழலும்போது அதிரும். அதனால் அதனை இரண்டாகப் பகுத்து நடுவே தாங்கி கொடுப்பதும் உண்டு. கிளச் மிதியும் அதன் இணைப்புக் கம்பிகளும் புதிதாக வேண்டும். கியர்த் தடி சாரதியின் கைக்கு எட்டும் இடத்தில் வருதல் வேண்டும். பின்னச்சின் விகிதம் புதிய பெட்டிக்கு ஒவ்வாததாயின், வண்டி ஏற்றத்திற் திணறும். அல்லது சமவெளியில் என்ஜின் வீணே கதறும். மூலப் பெட்டியைச் சார்ந்து இயங்கிய வேறு உறுப்பு ஏதேனும் உண்டா என்பதையும் பார்த்தல் வேண்டும். வேகமானி ஓடாதுவிட்டால் குறை சிறிது. தடுப்பு குன்றினால் உயிர்ச்சேதம்.

தடுப்பைப் பற்றிய இச்செய்தியே மலைநாட்டில் முதன்மையானது. பத்துத் தொன் நிறையுள்ள வண்டியொன்று 300 மீற்றர் உயரம் கீழிறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், ஏறத்தாழ 100 லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. சாரதி தடுப்பை மட்டுமே நம்பி இறங்குவானாயின், இந்த வெப்பத்தின் பெரும்பகுதி தடுப்பு உருளைகளிலே தங்கும். உருளை விரியும், உராய்வு குறையும், மிதித்தும் வண்டி நில்லாது. கீழ்க் கியரில் இறங்குவானாயின், என்ஜினே வண்டியைப் பின்னிழுத்துப் பெரும் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும். ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலைச் சாரதிகள் வழிவழியாகப் போற்றும் விதி. சக்கரத்துக்குக் கட்டை கொடுத்த பழைய வண்டிக்காரனின் அறிவே இங்கு வேறு வடிவில் வாழ்கின்றது.

ஆதலின், கியர்ப் பெட்டியை மாற்றுவோர் ஏற்றத்தை மட்டும் கருதினால் போதாது. திகனவிலிருந்து தெல்தெனிய, ஹுன்னஸ்கிரிய வழியாக மகியங்கனைக்குச் செல்லும் பாதையில், பதினெட்டு வளைவு என்று பெயர் பெற்ற இறக்கம் உண்டு. அங்கே கொண்டையூசிபோல் மடிந்து மடிந்து பாதை சமவெளியை நோக்கி வீழ்கின்றது. அத்தகைய இடத்தில் மேற்கியரில் வந்துவிட்ட சாரதி, கீழ்க் கியர் போட முயன்று அது விழாது நடுநிலையில் அகப்பட்டுக்கொண்டால், வண்டி கட்டற்றுப் பாயும். பழைய முற்றெரிவுப் பெட்டியிற் பழகிய ஒருவனுக்குக் கைக் கியரின் பழக்கம் தானே வந்துவிடாது. பெட்டியை மாற்றும்போது சாரதியின் பயிற்சியையும் மாற்ற வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

வண்டி மட்டுமா மாறியது? திகனவின் வரலாறே மாற்றத்தின் வரலாறாகும். மகாவலி அபிவிருத்தித் திட்டத்தின்கீழ் 122 மீற்றர் உயரமுள்ள விக்டோரியா அணை கட்டப்பட்டு, 1985ஆம் ஆண்டில் திறந்து வைக்கப்பட்டது. பழைய தெல்தெனிய நகரம் நீரில் மூழ்கியது. அதனோடு, தலைமுறை தலைமுறையாக மாட்டு வண்டியும் லொறியும் பஸ்ஸும் ஓடிய பாதையின் ஒரு பகுதியும் மறைந்தது. திகன புதிய நகரமாக வளர்ந்தது. பாதை உயர்ந்த இடத்துக்கு மாற்றி அமைக்கப்பட்டது. நிலம் மாறியபோது பாதை மாறியது. பாதைக்கேற்ப வண்டி மாறியது. வண்டிக்கேற்பத் தொழிலாளியின் கை மாறியது. எதுவும் பிறந்தவாறே இருந்துவிடவில்லை.

இதனை எண்ணும்போது, மூலப் பெட்டியை அகற்றுவது வரலாற்றுக்குச் செய்யும் துரோகம் என்னும் வாதம் முழுமையானதன்று என்பது விளங்கும். ஓடாது துருப்பிடித்து நிற்கும் தூய வண்டியைவிட, மாற்றுப் பெட்டியோடு ஓடும் வண்டி பலருக்குப் பயன்படும். 2021ஆம் ஆண்டில், கழிக்கப்பட்ட பஸ்கள் சில, மீன்கள் பெருகுமிடமாகப் பயன்படும் பொருட்டு இலங்கைக் கடலில் இறக்கப்பட்டதை நேயர்கள் செய்திகளிற் கேட்டிருப்பர். கடலடிக்கும் இரும்புக் கடைக்கும் தப்பிய ஒவ்வொரு பழைய வண்டியும், ஏதோவொரு பணிமனையில் யாரோ ஒருவர் பொறுமையோடு செய்த மாற்றத்தின் பயனாகவே பிழைத்திருக்கும்.

ஆயினும் மறுபக்கத்து நியாயத்தையும் தள்ளிவிடலாகாது. மூலப் பெட்டியை இரும்பு விலைக்கு விற்றுவிட்டால், அது எவ்வாறு இயங்கியது என்பதை அறியும் வாய்ப்பும் அதனோடு போய்விடும். மாற்றத்துக்காகச் சட்டகத்தை வெட்டிவிட்டால், பின்வருவோர் விரும்பினும் பழைய நிலைக்கு மீளல் இயலாது. ஆகவே நடுவழி ஒன்று உண்டு. சட்டகத்தை வெட்டாது, இருக்கும் துளைகளைக் கொண்டே தாங்கிகளை அமைத்தல். கழற்றிய பெட்டியை எண்ணெய் பூசிப் பத்திரப்படுத்தல். எந்த நாளில், எந்தப் பெட்டி, எந்த அளவுகளோடு, யார் கையாற் பொருத்தப்பட்டது என்பதை எழுதி வைத்தல் ஆகிய மூன்றையும் செய்தால், வண்டியும் ஓடும், வரலாறும் அழியாது.

இவற்றுள் எழுதி வைத்தலே நம் நாட்டில் மிகவும் குறைவு. கடுகண்ணாவைக் கோபுரம் ஒரு பொறியியலாளரின் பெயரைச் சொல்லும். அங்கே பாறை உடைத்தவரின் பெயரைச் சொல்லாது. அவ்வாறே சபையின் முதல் தலைவர் யார் என்பது ஏட்டில் உண்டு. லண்டன் வண்டியின் பட்டியை இறுக்கி, வழுக்கிய கியரைச் சீர்செய்து, மறுநாட் காலையில் மாணவரையும் தொழிலாளரையும் நேரத்துக்குக் கொண்டுசேர்த்த பாஸ்மாரின் பெயர்கள் ஏட்டில் இல்லை. அவர்களுட் பலர் முதுமையடைந்துவிட்டனர். மலைநாட்டுக் கராஜ்களில் இன்றும் வேலை கற்கும் இளைஞர்கள், அம்முதியவர்களிடம் கேட்டு, அளவுகளையும் முறைகளையும் ஒரு கொப்பியிலாவது குறித்து வைப்பாராயின், பாதை அமைத்தவர்களுக்கு நேர்ந்த மறதி, வண்டியைக் காத்தவர்களுக்கும் நேராது.